ஓடிபி கேட்காத திருட்டு

நம் வயதுக்காரர்களுக்கு யார் புத்தி சொன்னாலும் ஒரே பாட்டுதான். "ஓடிபி யாருக்கும் சொல்லாதீங்க சார். தெரியாத லிங்க்கைத் தொடாதீங்க சார்." வங்கியில் சொல்கிறார்கள். போன் போட்டால் மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. பேரன் பேத்திகளும் சொல்கிறார்கள். நல்ல புத்திதான், மறுக்கவில்லை. ஆனால் ஓடிபியே கேட்காத, நம்மிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாத திருட்டு ஒன்று இருக்கிறது. அதில் ஏமாறுவது நாம் அல்ல. நாம் நம்பிப் போய் நின்ற ஜன்னல் ஏமாறுகிறது. நஷ்டம் மட்டும் நம் தலையில்.

அந்தத் திருட்டுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் 'கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்'. சுருக்கமாக எக்ஸ்.எஸ்.எஸ். என்பார்கள். இப்போது வீட்டுக்கு வீடு வந்துவிட்ட ஏஐ அரட்டைச் செயலிகளில் இது மறுபடி தலைகாட்டுகிறது. நான் கணினி படித்தவன் அல்ல. கருவூலத்தில் பில் பார்த்தே காலம் கழித்தவன். ஆனாலும் இதைப் பற்றிப் படிக்கப் படிக்க, இது நம் பழைய ஆபீஸ் விவகாரம்தான் என்று தெரிந்தது. அதனால் நமக்குப் பழகிய பாஷையிலேயே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் டோக்கன். வங்கியில் அந்தக் காலத்தில் பணம் எடுக்கப் போனால் என்ன நடக்கும்? செக்கைக் கொடுத்தால் ஒரு பித்தளை டோக்கன் தருவார்கள். எண் பொறித்திருக்கும். கையெழுத்தைச் சரிபார்ப்பது, கணக்கில் இருப்பு பார்ப்பது எல்லாம் உள்ளே நடக்கும். காசாளர் எண்ணைக் கூப்பிடுவார். டோக்கனை நீட்டுபவருக்குப் பணம். அவர் மறுபடி உங்கள் கையெழுத்தைப் பார்க்கப் போவதில்லை. டோக்கன் கையில் இருப்பவர்தான் ஆள்.

இணையத்திலும் அதேதான். கடவுச்சொல், ஓடிபி எல்லாம் போட்டு ஒரு தளத்துக்குள் நுழைந்தவுடன், அந்தத் தளம் நம் போனில் ரகசியமாக ஒரு டோக்கனை வைத்துவிடுகிறது. அதற்கு 'குக்கி' என்று பெயர். அடுத்தடுத்த பக்கங்களுக்குப் போகும்போது கடவுச்சொல் கேட்காமல் விடுகிறார்களே, அது இந்த டோக்கன் இருப்பதால்தான். இதை யாராவது தட்டிக்கொண்டு போனால், ஓடிபி தேவையே இல்லை. அவர்தான் நீங்கள்.

அடுத்தது 'மட்டும்'. செக்கிலோ புரோநோட்டிலோ தொகையை எழுத்தால் எழுதிவிட்டு 'மட்டும்' என்று போட்டு, மிச்ச இடத்தில் ஒரு கோடு இழுப்போம். ஏன்? இடம் விட்டால் அங்கே இன்னொருவன் எழுதிவிடுவான். கருவூலத்துக்கு வரும் பில்லின் குறுக்கே 'இத்தனை ரூபாய்க்கு உட்பட்டது' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறதா என்று பார்ப்போம். காலியிடம்தான் திருடனின் வாசல் என்று நமக்கு முந்தைய தலைமுறைக்கே தெரியும்.

இணையப் பக்கம் என்பது இரண்டு விதமான எழுத்து கலந்தது. ஒன்று, நாம் படிப்பதற்கான எழுத்து. இன்னொன்று, கணினிக்கு இடும் கட்டளை. இரண்டும் ஒரே தாளில்தான் இருக்கின்றன. கணக்குப் பாடத்தில் 'விடச் சிறியது' என்று ஒரு கோணல் குறி போடுவோமே, அது வந்தால் அங்கிருந்து கட்டளை ஆரம்பிக்கிறது என்று கணினி எடுத்துக்கொள்ளும். இப்போது ஒரு தளம், 'உங்கள் கருத்தை எழுதுங்கள்' என்று காலியிடம் விடுகிறது. ஒருவன் அங்கே கருத்துக்குப் பதில் கட்டளையை எழுதிவிடுகிறான். தளம் அதைப் பார்க்காமல் அப்படியே எல்லோருக்கும் காட்டுகிறது. அந்தப் பக்கத்தைத் திறந்த ஒவ்வொருவர் கருவியிலும் அந்தக் கட்டளை ஓடுகிறது. அதுவும் அந்தத் தளத்தின் பெயராலேயே ஓடுகிறது. 'இவருடைய டோக்கனை எனக்கு அனுப்பு' என்பதுதான் பெரும்பாலும் அந்தக் கட்டளை. இவ்வளவுதான் எக்ஸ்.எஸ்.எஸ்.

இது நேற்று முளைத்த நோய் அல்ல. 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே மைக்ரோசாப்ட் பொறியாளர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த பிப்ரவரியிலேயே அமெரிக்காவின் செர்ட் மையம் உலகத்துக்கு எச்சரிக்கை கொடுத்தது. 2005 அக்டோபரில் சாமி காம்கர் என்ற இளைஞர் 'மைஸ்பேஸ்' தளத்தில் தன் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டளையை வைத்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர் கணக்கில் சாமி நண்பராகச் சேர்ந்துவிடுவார். கட்டளையும் பார்த்தவரின் பக்கத்துக்குத் தாவிவிடும். ஒரு நாள் முடிவதற்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் அவருக்கு 'நண்பர்' ஆகிவிட்டார்கள். நல்லவேளை, அவர் விளையாட்டுக்குச் செய்தார்.

மருந்தும் அப்போதே தெரியும். வெளியாள் எழுதியது எதுவானாலும் அதைக் கட்டளையாக ஓட விடாமல், வெறும் எழுத்தாகக் காட்டு. அந்தக் கோணல் குறியை, கணினி கட்டளையாக எடுத்துக்கொள்ளாத வேறு வடிவத்துக்கு மாற்றிவிடு. ஒரு காகிதத்தில் 'நகல்' என்று முத்திரை குத்திவிட்டால் அதைப் படிக்கலாம், பணம் பட்டுவாடா செய்ய முடியாதல்லவா? அது மாதிரி.

சரி, இருபத்தைந்து வருஷ நோய், மருந்தும் உண்டு. பிறகு ஏன் இன்று இதை எழுதுகிறேன்? ஏஐ வந்த பிறகு ஒரு விபரீதம் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் தளம் நடத்துகிறவர், வெளியாள் எழுதியதை மட்டும் சந்தேகித்தால் போதும். இப்போது பதிலை எழுதுவது அவருடைய சொந்த இயந்திரம். 'நம் வீட்டுப் பிள்ளை எழுதினதுதானே' என்று அதற்கு நகல் முத்திரை குத்தாமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை யார் என்ன எழுதச் சொன்னாலும் எழுதும்.

2024 நவம்பரில் ஜோஹன் ரெபர்கர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், சீனாவின் 'டீப்சீக்' அரட்டைச் செயலியிடம், எக்ஸ்.எஸ்.எஸ். கட்டளைகளைப் பட்டியல் போட்டுத் தரச் சொன்னார். அது பட்டியல் போட்டது. போட்ட கையோடு, அவருடைய திரையிலேயே அந்தக் கட்டளை ஓடியது. இதே வழியில் ஒருவருடைய கணக்கின் டோக்கனை எடுத்து, கணக்கையே கைப்பற்ற முடியும் என்று அவர் செய்து காட்டினார். நிறுவனத்துக்குத் தெரிவித்தார், அவர்களும் சரிசெய்தார்கள்.

அதைவிட நம் நெஞ்சில் பட வேண்டியது 2025 ஆகஸ்ட்டில் வெளிவந்த லெனோவோ விவகாரம். கம்ப்யூட்டர் செய்கிற பெரிய கம்பெனி. வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல 'லீனா' என்று ஒரு சாட்பாட்டை உட்கார வைத்திருந்தார்கள். சைபர்நியூஸ் ஆய்வாளர்கள் சுமார் 400 எழுத்துகளில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். முதலில் ஒரு லேப்டாப் பற்றி விவரம். பிறகு, பதிலை இன்ன வடிவத்தில் எழுது. அதில் இல்லாத ஒரு படத்தைக் காட்டு. படம் கிடைக்காவிட்டால் டோக்கனை இந்த முகவரிக்கு அனுப்பு. லீனா பணிவாக அப்படியே எழுதிக்கொடுத்தது. அதற்குப் பிறகுதான் வேடிக்கை. 'எனக்கு மனிதரிடம் பேச வேண்டும்' என்று கேட்டார்கள். மறுமுனையில் நிஜ ஊழியர் ஒருவர் அந்த உரையாடலைத் தன் கணினியில் திறந்தார். கட்டளை அங்கே ஓடியது. ஊழியரின் டோக்கன் வெளியே போய்விட்டது. ஆய்வாளர்கள் சொன்ன பிறகு லெனோவோ அதைச் சரிசெய்தது.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். போனது கேள்வி கேட்டவரின் டோக்கன் அல்ல. கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவரின் டோக்கன். கருவூலத்துக்குத் தபாலில் ஒரு மனு வருகிறது, அதைப் பிரித்த எழுத்தரின் மேசைச் சாவி தானாகக் கழன்று மனுதாரர் கைக்குப் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவரின் சாவி போனால் ஒருவருடைய கணக்கு இல்லை, ஊரார் கணக்கெல்லாம் திறந்த வீடு. இதில் நீங்களும் நானும் 'ஜாக்கிரதையாக' இருந்து என்ன பிரயோசனம்?

அதே 2025 ஆகஸ்ட்டில் இன்னொரு செய்தியும் வந்தது. அது நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் சம்பந்தப்பட்டது. 'பெர்ப்ளெக்ஸிட்டி' கம்பெனியை நடத்தும் அரவிந்த் ஸ்ரீநிவாஸ் சென்னைக்காரர், ஐஐடி மெட்ராஸில் படித்தவர். 2025 ஜூலையில் ஏர்டெல் கம்பெனி தன் 36 கோடி வாடிக்கையாளர்களுக்கும் அந்தச் சேவையை ஒரு வருஷம் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. ஏர்டெல் சிம் வைத்திருக்கும் அறந்தாங்கிக்காரரும் ஆலங்குடிக்காரரும் அதில் அடக்கம். இலவசம் என்றால் நாம் விடுவோமா? பெருமையாகவும் இருந்தது, நம்மவர் செய்தது என்று.

அந்தக் கம்பெனி அதே மாதம் 'காமெட்' என்று ஒரு பிரவுசரையும் வெளியிட்டது. நமக்குப் பதிலாகப் பக்கங்களைப் படித்து, சுருக்கிச் சொல்லி, நாம் சொன்ன வேலையையும் செய்து முடிக்கும் உதவியாளர் அதற்குள் இருக்கிறது. 'பிரேவ்' என்ற கம்பெனியின் ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். அவர்களும் பிரவுசர் தயாரிப்பவர்கள், போட்டியாளர்கள்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கத்தில் கண்ணுக்கு மறைத்து ஒரு குறிப்பை எழுதி வைத்தார்கள். 'இந்தப் பக்கத்தைச் சுருக்கிச் சொல்' என்று மட்டும் காமெட்டிடம் கேட்டார்கள். உதவியாளர் அந்த மறைந்த குறிப்பைப் படித்து, அதைத் தன் முதலாளியின் கட்டளை என்று நினைத்துக்கொண்டு, பயனாளரின் ஈமெயிலைத் திறந்து, அங்கே வந்திருந்த ஓடிபியைப் படித்து, வெளியாள் பார்க்கும் இடத்தில் எழுதி வைத்துவிட்டு வந்தது. ஜூலை மாதக் கடைசியில் கம்பெனிக்குத் தெரிவித்ததாகவும், முதலில் செய்த திருத்தம் போதவில்லை என்றும் பிரேவ் எழுதியது.

இது சரியான எக்ஸ்.எஸ்.எஸ். அல்ல. இதில் கோணல் குறியும் இல்லை, கணினிக் கட்டளையும் இல்லை. சாதாரண மனித வாக்கியங்கள்தான். ஆனால் வேர் ஒன்றே. படிக்க வேண்டியதற்கும் செய்ய வேண்டியதற்கும் வித்தியாசம் தெரியாமல் போவது. எக்ஸ்.எஸ்.எஸ்.-க்காவது முத்திரை குத்தினால் தீர்ந்தது. இதற்கு அப்படி ஒரு முத்திரையை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. சாதாரணப் பேச்சில் எது சேதி, எது கட்டளை என்று பிரிக்கும் கோணல் குறி எதுவும் இல்லையே.

'ஓடிபி யாருக்கும் சொல்லாதே' என்ற நம் ஒரே மந்திரம் இங்கே என்ன ஆயிற்று பாருங்கள். மனிதர் சொல்லவே இல்லை. அவருடைய உதவியாளர் போய்ச் சொல்லிவிட்டது.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். இந்த வகைத் தவறுகளில் 'பயனாளர் கவனமாக இருக்க வேண்டும்' என்று சொல்வது அநியாயம். கவுண்டர் போட்டவர்தான் பொறுப்பு. வங்கியோ, அரசு அலுவலகமோ, தனியார் கம்பெனியோ, சாட்பாட்டை ஜன்னலில் உட்கார வைத்தால் அது எழுதும் ஒவ்வொரு எழுத்துக்கும் அவர்களே ஜவாப்தாரி. கருவூலத்தில் ஒரு போலி பில் பாஸாகிவிட்டால், 'மனுதாரர் உஷாராக இருந்திருக்க வேண்டும்' என்று யாராவது சொல்லித் தப்பிக்க முடியுமா? பாஸ் செய்த கையெழுத்து யாருடையது என்றுதான் கேட்பார்கள்.

இதற்கு இரண்டு மறுப்புகள் சொல்வார்கள். "பயமாக இருந்தால் பயன்படுத்தாதீர்கள், யார் கட்டாயப்படுத்தினார்கள்?" என்பது ஒன்று. யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லைதான். ஆனால் நான் கணக்கு வைத்திருக்கும் ஒரு வங்கியில் தொலைபேசியில் மனிதரைப் பிடிக்க வேண்டுமானால் இயந்திரத்திடம் நான்கைந்து படி ஏற வேண்டியிருக்கிறது. கிளைக்குப் போனால், 'ஆப்லேயே பண்ணலாமே சார்' என்கிறார்கள். ஜன்னலை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு, திறந்திருக்கும் ஒரே ஜன்னலுக்குப் போவது நம் விருப்பம் என்று சொல்வது பொருந்தாது. லீனா விஷயத்தில் பார்த்தபடி, நாம் அந்தப் பக்கமே போகாவிட்டாலும் நம் விவரங்கள் உள்ளே இருக்கின்றன.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. "புதிய தொழில்நுட்பம், ஆரம்பத்தில் கோளாறு இருக்கத்தான் செய்யும். ஏடிஎம் வந்தபோதும் பயந்தீர்கள்." வாஸ்தவம், பயந்தோம். இன்று ஏடிஎம் இல்லாமல் மாதம் ஓடாது. இந்த ஏஐ-யும் நமக்கு உபயோகமானதுதான். கண் மங்கியவருக்கு வாசித்துக் காட்டுகிறது, ஆங்கிலக் கடிதத்தைத் தமிழில் சொல்கிறது, மருந்துச் சீட்டில் இருப்பதை விளக்குகிறது. அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புதிய கோளாறு என்பதை மட்டும் ஏற்க முடியாது. எக்ஸ்.எஸ்.எஸ். 2000-லேயே பெயர் வைத்த கோளாறு. இணையப் பாதுகாப்புக்காக வேலை செய்யும் 'ஓவாஸ்ப்' அமைப்பு, ஏஐ மென்பொருள்களின் தலையாய பத்து ஆபத்துகளைப் பட்டியலிட்டபோது, இயந்திரம் எழுதியதைச் சோதிக்காமல் விடுவதை 2023-லேயே அதில் சேர்த்துவிட்டது. பட்டியல் வந்த பிறகும் 2025-ல் ஒரு பெரிய கம்பெனியில் அதே ஓட்டை இருந்தது என்றால், அது அறியாமை அல்ல. அவசரம்.

நாம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. சாட்பாட் எழுதுவதை வெளியாள் எழுத்தாகவே கருதி, நகல் முத்திரை குத்தித்தான் காட்ட வேண்டும். நமக்காகப் படிக்கும் உதவியாளரின் கையில் நம் டோக்கன்களைக் கொடுக்கக் கூடாது. பணம், ஈமெயில் என்று வந்தால் ஒவ்வொரு தடவையும் நம்மைக் கேட்க வேண்டும். கடைசியாக, மனிதர் உட்கார்ந்த ஒரு ஜன்னலாவது எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தகுந்த பாதுகாப்பு செய்யாமல் மக்களின் விவரங்களைப் பறிகொடுத்தவருக்கு ரூ.250 கோடி வரை அபராதம் உண்டு. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்று நம்மில் பலருக்குத் தெரியாதது. 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வங்கியின் குறைபாட்டால் பணம் போனால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. வங்கியும் காரணமல்ல, வாடிக்கையாளரும் காரணமல்ல, வேறெங்கோ ஓட்டை என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் அப்போதும் அவருக்குப் பொறுப்பில்லை. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கிதான். 'நீங்கள் எங்காவது ஓடிபி சொல்லியிருப்பீர்கள்' என்று கவுண்டரில் யாராவது அலட்சியமாகச் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடாதீர்கள். எழுத்து மூலம் புகார் கொடுங்கள், தேதி போட்ட ஒப்புகை வாங்குங்கள். 1930 என்ற எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள்.

நம் பங்குக்குச் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. வேலை முடிந்ததும் வங்கித் தளத்திலிருந்து முறையாக வெளியேறுங்கள். பெரும்பாலும் அதோடு டோக்கன் செல்லாததாகிவிடும். ஏஐ உதவியாளர் உள்ள பிரவுசரில் வங்கி வேலை வேண்டாம். அதற்குத் தனியாக வேறொன்றை வைத்துக்கொள்ளுங்கள். செயலிகள் 'அப்டேட்' கேட்டால் பிளே ஸ்டோர் வழியாகச் செய்துவிடுங்கள். கண்டுபிடித்த ஓட்டைகளை அடைப்பது அதில்தான் வரும். பென்ஷன் புத்தகம், ஆதார், பாஸ்புக் பக்கங்களைச் சாட்பாட்டில் படம் எடுத்துப் போடாதீர்கள். இவையெல்லாம் நம் வீட்டுத் தாழ்ப்பாள் மட்டும்தான். ஊர்க் காவல் வேறொருவர் வேலை.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு பாடம் ஏற்கனவே தெரியும். 1991-92-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது நினைவிருக்கும். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதை நாடே பேசியது. 'படிக்காமல் கைநாட்டு வைக்காதீர்கள், ஜாக்கிரதை' என்று ஊருக்கு ஊர் தட்டி வைத்துவிட்டு அன்று யாரும் வீட்டுக்குப் போய்விடவில்லை. ராத்திரியில் லாந்தர் வெளிச்சத்தில் தொண்டர்கள் போய் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பலமுள்ளவர் பலமில்லாதவரைத் தேடிப் போனார்.

ஒரு பக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் கட்டளையைப் படிப்பதில் இன்று நாம் எல்லோருமே கைநாட்டுதான். எம்.ஏ. படித்தவரும் கைநாட்டு, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரும் கைநாட்டு. அந்த எழுத்து நம் கண்ணுக்கே தெரியாது என்பதால், கற்றுக்கொண்டு தப்பிக்கவும் வழியில்லை. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். படித்துப் பார்த்து, முத்திரை குத்தி அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை.

அடுத்த முறை ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் வங்கிக்காரர் வந்து 'ஓடிபி சொல்லாதீர்கள்' என்று பேசினால், கைதட்டிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் சாட்பாட் எழுதுவதை யார் சோதிக்கிறார்கள், சார்?" பதில் உடனே வராமல் போகலாம். ஆனால் நாலு கூட்டத்தில் நாலு பேர் கேட்டால், மேலே யாராவது ஒருவர் அந்தக் கோப்பை எடுத்துப் பார்ப்பார். ஆபீஸில் வேலை பார்த்த நமக்கு அது தெரியாதா என்ன?